கார்டு வாலண்டைனின் லாபப் பங்கு

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹாம் போகும் ரயிலில் வாலண்டைன் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுவதுதான் கார்டின் வேலை என்று பயணிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் செய்த முக்கியமான வேலை எழுதுவது. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதம் என்றால் எத்தனை நிமிடம், எதனால். பத்து தீகா நிலையம், நான்கு நிமிடம், தண்டவாளத்தில் எருமை. சுங்கை ரெங்கம், ஏழு நிமிடம், ரப்பர் மூட்டை ஏற்றியது. வண்டி மொத்தம் பதினொரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தால் காரணங்களைக் கூட்டினாலும் பதினொன்று வரவேண்டும். காரணமில்லாத நிமிடத்தை மேலிடம் ஏற்காது.

வாலண்டைனின் ஏட்டில் அப்படி ஒரு நிமிடம் இருந்ததில்லை. வண்டி மூன்று நிமிடம் நின்றதற்கு ஒருமுறை "டிரைவர் தும்மினார்" என்று எழுதியிருந்தார். விசாரித்தார்கள். டிரைவர் தும்மியது உண்மை. தும்மியபோது மூக்குக்கண்ணாடி ஜன்னல் வழியே விழுந்துவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. மனைவி தங்கமணி. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசி முடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சாயந்திரம் அவர் சட்டையைக் கழற்றி மாட்டும்போது "இன்னிக்கு எத்தனை நிமிசம்?" என்று அவள் கேட்பாள். அவர் சொல்வார். எருமை, மூட்டை, ஏறத் தெரியாத மணப்பெண் என்று காரணங்களோடு சொல்வார். அவளுக்குக் கிள்ளான் பாதையின் எருமைகள் அனைத்தையும் தெரியும்.

1919-இல் வாலண்டைன் ஓர் ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தார். அதற்கு முந்தின வருடம் விஷக்காய்ச்சல் வந்து அவர்கள் வீட்டு வரிசையில் மட்டும் நான்கு பேர் இறந்திருந்தார்கள். கோலாலம்பூர் நிலையத்தில் பார்சல் எழுத்தராக இருந்த பக்கிரிசாமி வேலையை விட்டுவிட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டாக மாறியிருந்தார். தொப்பி வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

இரண்டாயிரம் வெள்ளிக்குப் பாலிசி. மாதம் நாலு வெள்ளி சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். உயிரோடு இருக்கும்வரை கட்டவேண்டும். இறந்தால் மனைவிக்கு இரண்டாயிரம்.

"அது மட்டும் இல்லண்ணே," என்றார் பக்கிரிசாமி. "வருசா வருசம் கம்பெனி லாபத்துல உங்களுக்குப் பங்கு. டிவிடெண்டு. அதைக் கையில வாங்கிக்கலாம், பிரீமியத்துல கழிச்சுக்கலாம், இல்லாட்டி அந்தக் காசுக்கு மேற்கொண்டு இன்சூரன்ஸ் வாங்கிச் சேத்துக்கலாம். ரெண்டாயிரம் வளந்துகிட்டே போகும்."

வாலண்டைன் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பக்கிரிசாமி ஒரு அச்சிட்ட புத்தகத்தைப் பிரித்துப் பிடித்தார். முப்பது வயதில் சேர்ந்தவருக்கு முதல் வருடம் எவ்வளவு, இரண்டாம் வருடம் எவ்வளவு என்று இருபது வருடத்துக்கு எண்கள். வாலண்டைன் அந்த வரிசையை அப்படியே பழைய ஏடு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. புத்தகத்தைப் பிடித்திருந்த பக்கிரிசாமியின் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. வேண்டுமென்று வைக்கவில்லை. தடித்த புத்தகம், அப்படித்தான் பிடிக்க முடியும்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் நீலநிறக் காகிதம் ஒன்று வந்தது. வாலண்டைன் அதை ஏட்டின் வரிசையோடு ஒத்துப்பார்ப்பார். பன்னிரண்டு வருடம் காசு பிசகாமல் ஒத்துப்போயிற்று. நேரம் தவறாத வண்டியைப் பார்ப்பதில் வரும் சந்தோஷம் அவருக்கு அதில் இருந்தது.

1932 ஏப்ரலில் காகிதம் வந்தது. ஏட்டில் பதினான்கு வெள்ளி இருபது காசு. காகிதத்தில் பத்து வெள்ளி அறுபத்தைந்து காசு.

"மூணு வெள்ளி அம்பத்தஞ்சு காசு கொறையுது," என்றார்.

தங்கமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நம்ம ஏலச்சீட்டுல தள்ளுன காசைப் பாய் விரிச்சு எல்லார் முன்னாடியும் எண்ணிப் பிரிக்கறோம். கொறைஞ்சா ஏன் கொறைஞ்சுச்சுன்னு அங்கேயே சண்டை போடலாம். உங்க கம்பெனி எந்த ஊர்ல பாய் விரிக்குது?"

"கனடாவுல."

"போயிச் சண்டை போட்டுட்டு வாங்க."

வாலண்டைன் பக்கிரிசாமியைத் தேடிப் போனார். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்லம்ப் அண்ணே. உலக வியாபாரமே படுத்துக்கிச்சு. ரப்பர் என்ன விலை போகுது பாத்தீங்களா?"

"படுத்தது சரி. மூணு வெள்ளி அம்பத்தஞ்சுல எத்தனை காசு எதனால படுத்துச்சு?"

"அதெல்லாம் நான் கேட்டா என்னைப் பைத்தியம்பாங்க லா."

"நீ கேக்க வேணாம். விலாசம் குடு. நான் கேக்கறேன்."

பக்கிரிசாமி காற்றடிப்பதை நிறுத்தினார். "குடுக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லாரும் டிவிடெண்டு வந்துச்சான்னுதான் கேப்பாங்க. எப்படி வந்துச்சுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"வரலைன்னா கேக்கமாட்டாங்களா?"

"வரலைன்னா கேக்கமாட்டாங்க. நேரா வந்து அடிப்பாங்க."

பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து, இந்தமுறை ஓரத்தில் பிடித்து, அடியில் இருந்த வரியைக் காட்டினார். மேலே உள்ள தொகைகள் இன்றைய அளவின்படி கணக்கிடப்பட்டவை, வருங்காலத்துக்கு உறுதியல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. வாலண்டைன் இரண்டு முறை படித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. டைம்டேபிளின் அடியிலும் அப்படி ஒரு வரி உண்டு.

சிங்கப்பூர்க் கிளைக்கு எழுதினார். எட்டு வரிக் கடிதம். ஐந்து வாரத்தில் மூன்று பக்கத்துக்குப் பதில் வந்தது. தட்டச்சு செய்த யாரோ ஒருவர் இந்தக் கேள்விக்காகவே வருடக்கணக்கில் காத்திருந்ததுபோல் எழுதியிருந்தார்.

வாலண்டைன் அதை வண்டியில் வைத்துப் படித்தார். பெட்டாலிங்கில் தொடங்கி, கிள்ளான் வரும்போது புரிந்துவிட்டது.

கம்பெனி பிரீமியத்தை நிர்ணயிக்கும்போது மூன்று விஷயங்களை முன்கூட்டியே ஊகிக்கிறது. வாங்கி வைத்த பணத்துக்கு நூற்றுக்கு மூன்று வட்டிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறது. இத்தனை பேர் இறப்பார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவாகும் என்று வைத்துக்கொள்கிறது. மூன்றையும் கொஞ்சம் பயந்தே ஊகிக்கிறது. வருட முடிவில் பார்த்தால் வட்டி கூடுதலாக வந்திருக்கும், இறந்தவர்கள் குறைவாக இருப்பார்கள், செலவும் குறைந்திருக்கும். கூடுதலாக வாங்கிய அந்தப் பணத்தை, ஒவ்வொருவரின் வயதுக்கும் எத்தனை வருடம் கட்டினார் என்பதற்கும் ஏற்பப் பிரித்துத் திருப்பித் தருகிறது. அதுதான் டிவிடெண்டு.

டைம்டேபிளிலும் இதைத்தான் செய்கிறார்கள் என்று வாலண்டைனுக்குப் பட்டது. கிள்ளானுக்கு ஐம்பது நிமிடம் போதும். ஐம்பத்தாறு என்று அச்சடிப்பார்கள். எருமை வராத நாளில் ஆறு நிமிடம் மிஞ்சும்.

அவர் பணத்துக்கான கணக்கும் கடிதத்தில் இருந்தது. பதின்மூன்று வருடத்தில் அவர் பெயரில் சேர்ந்திருந்த இருப்பு நானூறு வெள்ளி. கம்பெனிக்கு முன்பு நூற்றுக்கு ஐந்து வட்டி கிடைத்தது. ஊகித்த மூன்று போக மீதி இரண்டு. அதனால் வட்டியில் அவருக்கு எட்டு வெள்ளி வந்திருக்கவேண்டும். இந்த வருடம் வட்டி நாலேகாலுக்கு இறங்கிவிட்டது. ஐந்து வெள்ளிதான். மரணங்கள் சற்றுக் கூடியதில் இருபது காசு போயிற்று. செலவு கூடியதில் முப்பத்தைந்து.

மூன்று வெள்ளி, இருபது, முப்பத்தைந்து. வாலண்டைன் கூட்டினார். மூன்று வெள்ளி ஐம்பத்தைந்து காசு.

அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. பணம் குறைந்தது குறைந்ததுதான். ஆனால் ஒவ்வொரு காசும் எங்கே இறங்கியது என்று தெரிந்துவிட்டது.

கடிதத்தின் கடைசிப் பத்தியைக் கிள்ளானைத் தாண்டித்தான் படித்தார். மேற்கண்ட கணக்கு, தாங்கள் 1889 ஜூலை முதல் தேதி பிறந்ததாகத் தெரிவித்ததை அடிப்படையாகக் கொண்டது. வயதுக்கான சான்று இதுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. சான்று இல்லாத பாலிசிகளில் பின்னர் பணம் பெறுவது தாமதமாகக்கூடும். ஞானஸ்நானப் பதிவின் நகலை அனுப்பி உதவவும்.

அவர் பிறந்தது 1889-இல் இல்லை. 1886, பிப்ரவரி பதினான்கு.

1906-இல் ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளின் எண்களை எழுதும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பதினேழு வயதுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். வாலண்டைனுக்கு அப்போது இருபது. ஒல்லியாக இருந்தார். கூட வந்த சித்தப்பா கூசாமல் பதினாறு என்றார். பிறந்த தேதி தெரியாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் அந்த எழுத்தர் ஜூலை ஒன்று என்று எழுதினார். அந்த வருடம் ரயில்வேயில் ஜூலை முதல் தேதி பிறந்தவர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். பிறகு பக்கிரிசாமி வயது கேட்டபோதும் வாலண்டைன் ரயில்வே வயதையே சொன்னார். சம்பளத்தில் பிடிக்கும் பணத்துக்குச் சம்பளப் புத்தகத்தில் இருக்கும் வயதைத்தானே சொல்லவேண்டும் என்று நினைத்தார்.

அன்று சாயந்திரம் தங்கமணி எத்தனை நிமிடம் என்று கேட்டபோது அவர் கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னார்.

"இதுல என்னா இருக்கு," என்றாள். "ஃபாதர்கிட்ட எழுதி வாங்கிக் குடுத்துட வேண்டியதுதானே."

"குடுத்தா எனக்கு நாப்பத்தாறு."

"உங்களுக்கு நாப்பத்தாறுதான்."

"ரயில்வேல நாப்பத்திரண்டு. நாப்பத்தஞ்சு தாண்டுன கார்டுகளை வீட்டுக்கு அனுப்பப் போறாங்கன்னு பேச்சு. பட்டியல் எடுத்துக்கிட்டு இருக்காங்களாம். பிரீமியம் சம்பள ஆபீஸ் வழியாத்தான் போகுது. காகிதம் அங்க போயித்தான் திரும்பும்."

தங்கமணி கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தாள். பிறகு, "அப்ப குடுக்காதீங்க," என்றாள். "சம்பளம் வர்றப்ப சம்பளத்தைப் பாருங்க. நீங்க போனப்புறம் கேட்டாங்கன்னா நான் பாத்துக்கறேன்."

"எந்த ஆபீஸு, எத்தனாவது மாடி, யாரைக் கேப்பே?"

"விசாரிச்சுக்கிட்டுப் போவேன். எனக்கென்ன வாயில்லையா?"

வாய் இருந்தது. ஆனால் இருவருமே அப்போது பவுனம்மாளை நினைத்துக்கொண்டார்கள். மூன்று வீடு தள்ளி இருந்தவள். எஞ்சின் டிரைவராக இருந்த அவள் கணவர் மூன்று வருடத்துக்கு முன் இறந்தார். அவருக்கும் இரண்டு வயது. வீட்டில் ஒன்று, ரயில்வேயில் ஒன்று. இன்சூரன்ஸ் பணம் கைக்கு வர, எது சரி என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி எழுதுவதற்குள் எட்டு மாதம் போயிற்று. அந்த எட்டு மாதத்தில் அவள் முதலில் அண்டாவை விற்றாள், பிறகு தையல் மிஷினை விற்றாள், பிறகு இவர்கள் வீட்டில் சாப்பிட்டாள். சாப்பிடும்போது ஒவ்வொரு நாளும், "இந்தப் பாவி மனுசன் எந்த வருசம் பொறந்தாருன்னு எனக்கு எப்படிடி தெரியும்? நான் அப்ப பொறக்கவே இல்லையே," என்பாள். தங்கமணி சிரிப்பாள். இரவில் படுத்தபிறகு சிரிக்கமாட்டாள்.

வாலண்டைன் ஒரு வாரம் யோசித்தார். வேலை போனால் இந்த வீடும் போகும். வேலை இருந்து, காகிதம் சரியில்லாமல் அவர் போய்விட்டால் தங்கமணி எட்டு மாதம் யார் வீட்டில் சாப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

விடுமுறை நாளில் ஜாவா ஸ்ட்ரீட்டில் இருந்த கம்பெனியின் கோலாலம்பூர் அலுவலகத்துக்குப் போனார். மாடியில் ஒரு கவுண்டர். அதன் பின்னால் முப்பது வயதுக்காரர் ஒருவர். அம்புரோஸ் என்று மேசைமேல் பெயர்ப் பலகை இருந்தது.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் தம்பி," என்றார் வாலண்டைன். "ஒருத்தர் வயசைத் தப்பாக் குடுத்திருந்தா என்னா ஆகும்?"

"அந்த ஒருத்தரோட பாலிசி நம்பர் என்னாண்ணே?"

வாலண்டைன் யோசிக்காமல் சொல்லிவிட்டார். எண்களை யாராவது கேட்டால் உடனே சொல்லிப் பழக்கம்.

அம்புரோஸ் இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். படித்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குப் பேரு வச்சது யாருண்ணே?"

"கிள்ளானுக்கு மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவாரு ஒரு பிரெஞ்சுச் சாமியாரு. அவருதான்."

"பொறந்த அன்னிக்கு எந்த அர்ச்சிஷ்டவர், எந்தப் புனிதரோட திருநாளோ அந்தப் பேரைத்தானே வைப்பாங்க? எனக்கு டிசம்பர் ஏழு, அம்புரோஸ். எங்கம்மாவுக்கு அந்தோனின்னு வைக்க ஆசை. சாமியார் விடல. உங்க சாமியார் மட்டும் பிப்ரவரி பதினாலு பேரைத் தூக்கி ஜூலை ஒண்ணாந்தேதிக்கு வச்சாராக்கும்?"

வாலண்டைன் தொப்பியைக் கழற்றிக் கவுண்டர்மேல் வைத்தார். இருபத்தாறு வருடமாக அவருடைய பெயர் எல்லாரிடமும் அவருடைய பிறந்தநாளைச் சொல்லிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"எண்பத்தாறு," என்றார்.

"கம்பெனி கோவிச்சுக்காதுண்ணே. கணக்கை மாத்தும், அவ்வளவுதான். நீங்க கட்டுன நாலு வெள்ளிக்குச் சரியான வயசுல எவ்வளவு இன்சூரன்ஸ் கிடைச்சிருக்குமோ அதுதான் இனிமே பாலிசி." பென்சிலால் போட்டுப் பார்த்தார். "ரெண்டாயிரம் இல்ல. ஆயிரத்து எழுநூத்து எழுபத்தெட்டு."

"சொல்லாமயே போயிட்டா?"

"அப்பவும் இதே தொகைதான். ஆனா அக்கா வந்து நிக்கணும். நாங்க எழுதுவோம், பதிலுக்குக் காத்திருப்போம், மறுபடி எழுதுவோம்."

"டிவிடெண்டு?"

"ஆரம்பத்துலேர்ந்து திருப்பிப் போடுவாங்க. இப்ப வர்றது முப்பது வயசுல சேந்த ஆளுக்குப் போட்ட கணக்கு. அப்படி ஒரு ஆளு இல்லையே."

இது வாலண்டைனை உறுத்தியது. அந்த அழகான மூன்று பக்கக் கடிதம், எட்டு வெள்ளி, ஐந்து வெள்ளி, எல்லாம் இல்லாத ஒருவனுடைய கணக்கு.

அம்புரோஸ் ஒரு படிவத்தைக் கொடுத்தார். "கீழ சம்பள ஆபீஸ் கையெழுத்து வேணும். பழைய வயசு, புது வயசு ரெண்டுக்கும் கட்டம் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் செய்ங்கண்ணே."

வாலண்டைன் மலைமேல் இருந்த மாதா கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவின் நகலை வாங்கினார். லத்தீனில் இருந்தது. சாலை போடும் கூலியின் மகன் என்று அவர் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தது. அதையும் படிவத்தையும் எட்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்வந்தார். எட்டாம் நாள் தங்கமணி சட்டையைத் துவைக்க எடுத்தபோது பார்த்தாள். எடுத்து மேசைமேல் வைத்தாள். அடுத்த நாள் காலையில் துவைத்த சட்டையின் பையில் இரண்டும் திரும்பவும் இருந்தன. அவள்தான் வைத்திருந்தாள்.

சம்பள அலுவலகத்தில் ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார். வாலண்டைன் சேர்ந்த வருடத்திலேயே சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயதுப் பட்டியலைத் தயாரிப்பவரும் அவர்தான் என்று சொன்னார்கள். வாலண்டைன் ஜன்னல் வழியாகப் படிவத்தை நீட்டினார்.

ரெங்கசாமி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் கதவைப் பாதி சாத்தினார்.

"என்னய்யா இது?"

"என் வயசு."

"இத்தனை நாளு எங்க இருந்துச்சு?"

"கோயில்ல."

"அங்கேயே இருந்திருக்கலாமே." மறுபடியும் படித்தார். "மூணு வருசம் நாலரை மாசம். அடப்பாவி. நான் ரெண்டு வருசம் கொறைச்சதுக்கே இன்னும் பயந்துகிட்டு இருக்கேன்."

வாலண்டைன் அவரைப் பார்த்தார்.

"என்னா பாக்கறே? அந்தச் சித்தப்பா உனக்கு மட்டும்தான் இருந்தாரா? எனக்கு மாமா." ரெங்கசாமி ஜன்னலுக்கு வெளியே எட்டிப்பார்த்துவிட்டுப் பேசினார். "இதை நான் பாத்தேன்னு வச்சுக்க, உன் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாக்கணும். உன்னுதைப் பாத்தா என்னுதைப் பாக்கணும். அப்புறம் சிக்னல் கேபின், செந்தூல் ஒர்க்‌ஷாப்பு, ஸ்டேசன் மாஸ்டர். எல்லாரையும் மூட்டை கட்டி அனுப்பிட்டா நாளைக்கு வண்டியைப் பத்து தீகா எருமையா ஓட்டும்?"

"இப்ப கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?"

"மாசம் நாலு வெள்ளி பிடிக்கறோமா? பிடிக்கறோம். அதுக்குத்தான் என் கையெழுத்து. வயசு உனக்கும் கம்பெனிக்கும் உள்ள சமாச்சாரம்." கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். உடனே கொடுத்துவிடவில்லை. "ஏன்யா, இதைக் குடுத்தா உனக்கு டிவிடெண்டு கூடுமா, கொறையுமா?"

"தெரியல."

"தெரியாமயா குடுக்கறே?"

"தெரிஞ்சுக்கத்தான் குடுக்கறேன்."

ரெங்கசாமி படிவத்தை நீட்டினார். "தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு," என்றார். ஜன்னலை முழுதாகத் திறந்தார்.

செப்டம்பரில் பட்டியல் வந்தது. கார்டுகளில் இரண்டு பேர். வாலண்டைன் இல்லை. போன இருவரில் ஒருவர் சேரும்போதே உண்மை வயதைச் சொன்னவர். வாலண்டைனைவிட நாலு மாதம் இளையவர். அவர் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறப் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போன நாளில் அந்த வண்டியில் வாலண்டைன்தான் கார்டு. டிரங்குப் பெட்டிகளைத் தன் பெட்டியில் ஏற்றிக்கொண்டார், கூலி கொடுக்க விடவில்லை. துறைமுகத்தில் தானே இறக்கினார். வண்டி இரண்டு நிமிடம் தாமதமாயிற்று. "சாமான் இறக்கியது" என்று எழுதினார். அதற்குமேல் எழுத அந்த ஏட்டில் இடம் இல்லை.

அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. பதின்மூன்று வருடத்துக்கும் திருத்திய கணக்கு, வருடத்துக்கு ஒரு வரி. பாலிசி ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டு. இந்த வருட டிவிடெண்டு, வட்டியில் ஐந்து வெள்ளி பதினைந்து காசு, மரணங்களில் மூன்று வெள்ளி ஐம்பத்தைந்து, செலவில் இரண்டு வெள்ளி நாற்பது. மொத்தம் பதினொரு வெள்ளி பத்து காசு.

வாலண்டைன் பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பத்து வெள்ளி அறுபத்தைந்து. பாலிசித் தொகை குறைந்தும் டிவிடெண்டு நாற்பத்தைந்து காசு கூடியிருந்தது. காரணமும் எழுதியிருந்தார்கள். வயது கூடியவர்களுக்காகக் கம்பெனி முன்கூட்டியே எடுத்துவைப்பது அதிகம். அதனால் மிஞ்சுவதும் அதிகம். சேர்த்து வாங்கிய இன்சூரன்ஸ் இருநூற்று இருபத்தாறு வெள்ளி ஆகியிருந்தது. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நான்கு.

ரெங்கசாமியிடம் சொன்னார். ரெங்கசாமி, "வயசானதுக்கு நாப்பத்தஞ்சு காசா? பரவால்லையே," என்றார். ஆனால் கோயிலுக்குப் போகவில்லை. அவருக்குக் கோயில் பதிவு எதுவும் இல்லை, ஜாதகம்தான் இருந்தது. அதைக் கறையான் தின்றிருந்தது.

அந்த மாதத்தில் ஒரு விடுமுறை நாள் வாலண்டைன் தங்கமணியை ஜாவா ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப்போனார். அவள் பெட்டியிலிருந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். மாடிப்படியில் ஏறும்போது "எத்தனாவது மாடி?" என்று கேட்டு, "ஒண்ணாவது," என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள்.

அம்புரோஸ் எழுந்து நின்றார். "வாங்கக்கா, உக்காருங்க."

"நீங்கதான் அம்புரோசா?"

"ஆமாக்கா."

"நீங்க இல்லைன்னா யாரைக் கேக்கறது?"

அம்புரோஸ் பக்கத்து மேசையில் இருந்தவரைக் காட்டினார். தங்கமணி அவர் முகத்தையும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அந்த மனிதர் காரணம் தெரியாமல் வணக்கம் வைத்தார்.

"வயசுச் சான்று ஏத்துக்கிட்டாச்சுக்கா," என்று அட்டையில் இருந்த முத்திரையைக் காட்டினார் அம்புரோஸ். "இனிமே அதைப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க."

"எவ்வளவு?"

"இன்னிய தேதிக்கு ரெண்டாயிரத்து நாலு."

"ரெண்டாயிரத்து நாலு," என்றாள். "இந்த லாபம்னு போட்டிருக்கீங்களே, அது எங்கேர்ந்து வருது? இவரு எருமை கதையா எனக்குச் சொல்றாரு. நீங்க சொல்லுங்க."

அம்புரோஸ் விரல்விட்டுச் சொன்னார். வட்டி ஒன்று. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஆட்கள் இறப்பது ஒன்று. செலவில் மிச்சம் ஒன்று.

தங்கமணி இரண்டாவது விரலைப் பார்த்தாள். "ஆளுங்க சாகலைன்னா எங்களுக்குக் காசா?"

"எதிர்பார்த்ததைவிடக் கொறைவாச் செத்தாக்கா."

"யாரு எதிர்பார்த்தா?"

"கம்பெனி."

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வாலண்டைன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

"பாருங்க," என்று கணவரிடம் சொன்னாள், "நம்ம வரிசையில எல்லாரும் நல்லா இருக்கணும்னு நான் தினம் செபம் சொல்றேன். கம்பெனிக்காரனும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கான்."

படியிறங்கும்போது நின்றாள். "அடுத்த வருசம் இது எவ்வளவு ஆகும்?"

"அதை வருசம் முடிஞ்சாத்தான் சொல்வாங்க," என்றார் வாலண்டைன். "மூணுல எது எப்படிப் போகும்னு அவங்களுக்கே தெரியாது."

"சரி," என்றாள் தங்கமணி. "இருந்து பாத்துக்குவோம்."